புயல்ராஜா ராட்டினம் ஏறினான்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. முட்டியோடு முட்டி இடித்தால் இடிக்கட்டும், கூச்சப்படாதீர்கள், அப்படி உட்கார்ந்தால்தான் இந்தக் கதை உடம்பில் ஏறும். ஏனென்றால் இது நடந்ததே ராட்சத ராட்டினத்தின் ஒரு தகரப் பெட்டிக்குள், இரண்டே பேர், கால் நீட்ட இடமில்லை. ஒருத்தன் சீரங்கன். ஓமலூர்ப் பக்கத்து ஆள், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், ஊர் ஊராகப் போகிற பொருட்காட்சியில் புயல்ராஜா வேஷம் போட்டு நிற்பது அவன் பிழைப்பு. புயல்ராஜா யாரென்றால், முதலாளி தன் வாயாலேயே உண்டாக்கிய வீரன். வானத்தில் பறப்பான், இடியைக் கையில் பிடிப்பான். எந்தப் படத்திலும் வந்தவன் கிடையாது, ஆனாலும் பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியும், அவ்வளவுதான். நீல உடுப்பு, முதுகில் தொங்குகிற சிவப்புத் துணி, தோளுக்கு மேலே அண்டா அளவுக்கு ஒரு பொம்மைத் தலை. நெஞ்சில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உள்ளே இருக்கிற சின்னப் பெட்டி கட்டைக் குரலில் முழங்கும்: "பயப்படாதே! புயல்ராஜா வந்துட்டான்!" இன்னொருத்தி சம்பூர்ணம். விருதுநகர்க்காரி, புருஷன் செத்துப் பல வருஷம் ஆச்சு, அதே பொருட்காட்சியில் டெல்லி அப்பளக் கடை போட்டிருக்கிறாள், முறம் அளவுக்கு அப்பளத்தைப் பொரித்து மிளகாய்ப் பொடி தூவிக் கொடுப்பாள். இடம் திண்டுக்கல். கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து ராட்டினமும் வேஷக்காரர்களும் ஒரு லாரியில் தேனிக்கு, தின்பண்டக் கடைகள் இன்னொரு லாரியில் நாகப்பட்டினத்துக்கு. முதலாளி அப்படிப் பிரித்துவிட்டார். அதனால் சீரங்கன் கேட்க வேண்டியதை இன்றைக்குக் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. "நாம ரெண்டு பேரும் ஒரே லாரில போவமா?" அதற்கு அர்த்தம் என்ன என்று பொருட்காட்சியில் இருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதுவரைக்கும் எல்லோரும் ஒன்றாக ஏறினது வேறு, இப்படிப் பிரித்த பிறகு இரண்டு பேர் கேட்டு வாங்கி ஒரே லாரியில் பாத்திரம் ஏற்றினால் ஒரே அடுப்பு என்று அர்த்தம்.

அவன் வாயைத் திறந்ததுமே அவள்தான் சொன்னாள், "இரு, இங்க வேணாம், பஜ்ஜிக் கடைல இருந்து ஜூஸ் கடை வரைக்கும் காதைத் தீட்டிட்டு நிக்கிறாங்க. வா, மேல போயி பேசுவோம்." மேலே என்றால்? அவள் ராட்டினத்தைக் காட்டினாள். சீரங்கனுக்கு உள்ளங்காலில் எறும்பு ஏறியது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டாத மனுஷன் அவன். லாரியிலேயே மேலே உட்கார மாட்டான், கீழே பாத்திரங்களோடு படுத்துக்கொள்வான். ஆறு வருஷமாக வானத்தில் பறக்கிறவனாக நிற்கிறான், இந்தக் கதை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது, ராட்டினத்துக்கு யாராவது கூப்பிட்டால் "முதுகுத் துணி போல்ட்ல மாட்டிக்கும்" என்று சொல்லிக் கழன்றுகொள்வான். சம்பூர்ணத்திடம் அதைச் சொல்ல முடியுமா, பறக்கிற வீரனுக்கு உயரம் ஆகாது என்று, சொன்னால் சிரிப்பாள், சிரித்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டு நாகப்பட்டினம் போய்விட்டால்? தலையைக் கழற்றவும் வழியில்லை, ஜனங்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது முதலாளி சட்டம், கழற்றினால் பிள்ளைகள் அழும். சரி, அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான், தலைக்குள் கண்ணை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும், வெளியே புயல்ராஜாவின் வரைந்த கண் தோசைக்கல் மாதிரி திறந்தே இருக்கும், அவன் நிஜமாகப் பார்ப்பது அந்தக் கண் வழியாக இல்லை, சிரிக்கிற வாயில் வைத்துத் தைத்த கறுப்பு வலை வழியாக. ராட்டினக்காரர் ஜமால் பாய் சங்கிலியைத் தூக்கி, "என்ன புயலு, அதிசயமா இருக்கு, மழை வரப்போகுது!" என்றார். உள்ளே போய் உட்கார்ந்தான். எதிரே சம்பூர்ணம் உட்கார்ந்தாள், மாம்பழ நிறச் சேலை, முந்தானை நுனியில் மாவுத் தீற்றல். சங்கிலி விழுந்தது. சீரங்கன் கண்ணை மூடினான்.

கொஞ்ச நேரம் இங்கேயே நின்று நிதானமாகப் போகும் என்றுதான் நினைத்தான், அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி என்று ஆள் ஏற்றி ஏற்றி மெதுவாக மேலே போவோம், அதற்குள் மனசு பழகிவிடும். ஆனால் ஜமால் பாய் வேலை தெரிந்தவர், ஒரு பக்கமே ஆள் ஏற்றினால் ராட்டினம் சாயும், கீழே ஒரு பெட்டி ஏற்றினால் அடுத்து அதற்கு நேர் எதிர்ப் பெட்டியை ஏற்றி எடையைச் சரிக்கட்டுவார், ஆக முதலில் ஏறினவன் கதி என்ன, ஒரே தூக்காக உச்சிக்குப் போய் அங்கே உட்கார வேண்டியதுதான். வயிறு கீழேயே நின்றுவிட்டது, அவன் மட்டும் மேலே போனான். காதில் காற்று, காலடியில் தகரம் கிறீச், பஜ்ஜி எண்ணெய் வாசனை கீழே போய்ப் போய் ஒரு இடத்தில் அறுந்தது, அதற்கு மேலே வெறும் காற்று வாசனை, காற்றுக்கு வாசனை உண்டா, உண்டு, உயரத்தில் உண்டு, ஈரத் துணி மாதிரி ஒரு வாசனை. நின்றது. பெட்டி முன்னும் பின்னும் ஆடியது, ஆடு, ஆடு, நீ ஆடு, நான் கண்ணைத் திறக்கப் போவதில்லை. ஒரே லாரில போவமா. போவமாவா, போலாமாவா? போவமா என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கு, போலாமா என்றால் டீக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கு. ஏம்மா, ஒரே லாரில, உன் வாணலியும் என் தலைப் பெட்டியும். என்ன பேச்சு இது, வாணலியும் தலையும், ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை உனக்கு. கையால் கம்பியைப் பிடிக்கலாம் என்றால் கம்பி குளிர்ந்தது, குளிர்ந்த கம்பி நெகிழ்ந்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டுத் தன் நெஞ்சையே பிடித்துக்கொண்டான். "பயப்படாதே! புயல்ராஜா வந்துட்டான்!" என்றது பொத்தான். உச்சியிலிருந்து. மைதானம் முழுக்கக் கேட்டது. கீழே நூறு வாய் "ஓ!" என்று கத்தியது.

சம்பூர்ணம் சிரித்தாள். அவள் சிரிப்பைச் சொல்ல வேண்டும், எண்ணெயில் அப்பளம் போட்டதும் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பொரிந்துகொண்டு வருமே, அந்த மாதிரி, முதலில் உதடு, அப்புறம் கன்னம், கடைசியில் வயிறு. "ஏன் புயலு, யாரைப் பயப்படாதேங்கிற? என்னையா, ஒன்னையா?" என்றாள். "சும்மா... கை பட்டுருச்சு" என்றான். கை பட்டுருச்சாம், கை நடுங்குது, எடுத்தால் திரும்பவும் படும், எடுக்காவிட்டால் அழுத்தும், எடுத்தான், பட்டது, "பயப்படாதே! புயல்ராஜா வந்துட்டான்!" கீழே விசில் பறந்தது. இந்தக் குரலைக் கேட்டாலே அவனுக்கு ஒரு காலத்தில் ஆகாது. கரூரில், ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த வருஷம், கொரோனா வருஷம், பொருட்காட்சி போட்ட மைதானத்திலேயே சிக்கிக்கொண்டார்கள், ராட்டினத்தைப் பாதி பிரித்தபடியே நிறுத்திவிட்டார்கள், பெட்டிகளெல்லாம் தரையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன, ஊருக்கும் போக முடியாது, கடையும் போட முடியாது, நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. போன் வரும், அவர் போய்ட்டாராம், இவர் போய்ட்டாராம். அப்போது சம்பூர்ணம் மிச்சம் இருந்த மாவையெல்லாம் பொரித்து எல்லோருக்கும் சமமாக உடைத்துக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு இவனைப் பார்த்து, "நீ ஏன்யா வேஷத்தக் கழட்டி வெச்சிருக்க?" என்றாள். "பாக்க ஆளில்லையே" என்றான். "நாங்க ஆளில்லையா?" என்றாள். அவன் சொன்னான், எனக்கே கிலியா இருக்கு, நான் எங்க போயி வீரன் மாதிரி நிக்க. அவள் சொன்ன பதிலை இன்றைக்கு வரை அவன் திருப்பித் திருப்பி மென்றுகொண்டிருக்கிறான். "கிலி இருந்தா இருந்துட்டுப் போகுது. வேஷம் போட்டவனால ஓட முடியாதுல்ல? எல்லாரும் பாப்பாங்கல்ல? அது போதும்யா, வேற ஒண்ணும் வேணாம்."

ஓட முடியாது. ஆமாம். இப்போதும் ஓட முடியாதுதான், எங்கே ஓடுவது, நாலு பக்கமும் காற்று. வீரம் வீரம் என்கிறார்களே, இந்தப் பறக்கிற வீரனெல்லாம் உள்ளுக்குள் எப்படி இருப்பான் என்று சீரங்கன் யோசித்திருக்கிறான், தலைக்குள் வேர்த்து நிற்கிற நேரமெல்லாம் வேறு என்ன வேலை. படம் போட்ட கதையில் பாருங்கள், வீரன் எப்போதும் கடைசியில்தான் வருவான், யாராவது கத்தின பிறகுதான் வருவான். ஏன் முன்னாடியே வருவதில்லை? எங்கேயோ ஒரு சந்தில் நின்று கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருப்பானோ, அதற்குத்தான் முகமூடியோ, தாடை ஆடுவது தெரியாமல் இருக்க? அப்படித்தான் இருக்கும். அந்த வருஷம் சம்பூர்ணத்துக்கே காய்ச்சல் வந்தது. டிக்கெட் கொடுக்கிற தகரக் கூண்டில் தனியாகப் படுக்க வைத்தார்கள், சோறு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள், கிட்டே போகக் கூடாது. அவளுக்கு யார் இருக்கிறார்கள். சீரங்கன் சாயங்காலம் உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையை மாட்டிக்கொண்டு, அந்தக் கூண்டுக்கு எட்ட, புளியமரத்தடியில் போய் நின்றான். என்ன செய்வது என்று தெரியவில்லை. மருந்து தெரியாது, மந்திரம் தெரியாது. பொத்தானை அழுத்தினான். "பயப்படாதே! புயல்ராஜா வந்துட்டான்!" கூண்டுக்குள் இருமலும் சிரிப்பும் சேர்ந்து ஒரு சத்தம் கேட்டது. மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ஒரு நாள் அவன் போவதற்குத் தாமதமாகி ஓடி வந்து நின்றால், உள்ளே இருந்து அவள் குரல், கீச்சென்று, "என்ன புயலு, இன்னும் கரையக் கடக்கலையா?" என்று. அன்றைக்கு அந்தப் பெரிய தலைக்குள் அவன் அழுத அழுகை, வலை நனைந்து, மீசை நனைந்து, யாருக்கும் தெரியாது. காய்ச்சல் விட்டு அவள் எழுந்து வந்தாள். முதல் வேலையாக அவன் முதுகுத் துணியில் இருந்த கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள்.

பெட்டி ஆடியது. பலமாக ஆடியது. "தள்ளி உக்காரு" என்று சம்பூர்ணத்தின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஐயோ, எழுந்திருக்கிறாள், எதிர்ப் பலகையை விட்டு இந்தப் பக்கம் வருகிறாள், பெட்டி சாய்கிறது, ஜமால் பாய் எடையை எதிரும் புதிருமாகச் சரிக்கட்டுகிறார், இவள் இங்கே எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஏற்றுகிறாள். தோளில் தோள் வந்து இடித்தது. கடலை எண்ணெய், மிளகாய்ப் பொடி, கொஞ்சம் மல்லிகை. சீரங்கன் கண்ணை இன்னும் இறுக்கினான். முதுகுத் துணியைக் காற்று பிடித்து இழுத்தது, விட்டது, திரும்ப இழுத்தது, போல்ட்டில் மாட்டப்போகிறது என்று நினைத்தான், பொய்யாகச் சொன்னது பலித்துவிடப் போகிறது. காற்றே, சும்மா இரு. கல்யாணத்தில்கூட இப்படித்தான் ஒரு கூத்து, வளையம் எறிகிற கடைக்காரர் மகள் கல்யாணத்தில், பெண்ணோட முந்தானையையும் மாப்பிள்ளை துண்டையும் முடிச்சுப் போட்டு அக்கினியைச் சுற்ற வைத்தார்கள், சுற்றி முடித்ததும் மாப்பிள்ளை கூட்டாளிகளைப் பார்த்த ஜோரில் முடிச்சை மறந்து விறுவிறுவென்று நடந்துவிட்டான், பெண் பின்னாலேயே ஓடுகிறாள், பந்தலே சிரிக்கிறது, சம்பூர்ணம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கட்டிப் போட்டது தெரியாமப் போறான் பாரு, மாங்கா மடையன்!" அன்றைக்கு அவள் பக்கத்தில் புயல்ராஜா உடுப்போடுதான் இவன் நின்றான், மொய்க்கு வந்தவர்களை வரவேற்கிற வேலை. அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைக்குள் இருந்து கேட்டால் யார் கேட்கிறார்கள், நானா, புயல்ராஜாவா? அவனுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, தலையைக் கழற்றினதும் வழுக்கையும் அம்மைத் தழும்புமாக இந்த மூஞ்சியைப் பார்த்து, அட இவனா என்றால்?

"சீரங்கா" என்றாள். புயலு என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ம்" என்றான். "பல்பெல்லாம் போட்டுட்டாங்க, எவ்வளவு சோக்கா இருக்கு தெரியுமா, பாக்கிறியா?" "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." "என்ன பாக்கிற?" "அதான்... பல்பு." "என்ன நெறம்?" மாட்டிக்கொண்டான். சிவப்பு என்று சொல்லலாமா, போன ஊரில் சிவப்புதான் போட்டார்கள், "செவப்பு" என்றான். சம்பூர்ணம் குனிந்து வலைக்கு நேராக முகத்தை வைத்தாள். அப்புறம் மெதுவாக, "பச்சை. ராட்டினம் முழுக்கப் பச்சை. வெளிச்சம் ஒன் வாய் வழியா உள்ள அடிக்குதுய்யா. நீ கண்ண மூடிட்டு உக்காந்திருக்கது எனக்கு நல்லாத் தெரியுது. ஏறினதுல இருந்தே தெரியும்" என்றாள். வலை! வெளிச்சம் வெளியே இருந்தால் உள்ளே இருப்பவனைக் காட்டிக் கொடுக்கும் அந்த வலை, ஆறு வருஷம் அதற்குள் வாழ்ந்தவனுக்கு அது மறந்துவிட்டதே. காது சுட்டது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை என்றதும் ஒரு விசித்திரமான லேசு. "எனக்கு ஒசரம் ஆகாது" என்றான். "தெரியும்." "எப்படி?" "லாரில பாத்திரத்தோட படுக்கிறவன் வேற யாரு? பாத்திரத்துல பாதி என்னோடதுய்யா." "தெரிஞ்சுமா இங்க கூட்டியாந்த?" "வரமாட்டேன்னு சொல்லுவன்னு பாத்தேன். வந்துட்டியே" என்றாள்.

வந்துட்டியே. வந்துட்டான். அந்த வார்த்தை மண்டைக்குள் போய் ஒரு சுற்று சுற்றியது, இந்த ராட்டினம்கூட இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றவில்லை. எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருக்கிறான் அந்தப் பொத்தானை, ஒரு நாளாவது அதைக் காது கொடுத்துக் கேட்டானா? அது என்ன சொல்கிறது? நான் ஜெயிப்பேன் என்று சொல்கிறதா, இல்லை. காப்பாற்றிவிடுவேன் என்கிறதா, அதுவும் இல்லை. நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடச் சொல்லவில்லை, யாருக்குத் தெரியும் நாளைக்கு என்ன என்று, புயல்ராஜாவுக்கே தெரியாது. வந்துட்டான். அவ்வளவுதான். வந்து நிற்கிறான். புளியமரத்தடியில் அவன் செய்ததும் அவ்வளவுதானே, வேறு என்ன செய்தான். பறந்தானா, இடியைப் பிடித்தானா? நடுங்கிக்கொண்டு வந்தான், நடுங்கிக்கொண்டு நின்றான், நடுங்கினதால் வந்தது இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆகாதுடா சீரங்கா. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான் இல்லாத வீரனை எல்லாம் உண்டாக்கி, அவனுக்கு உடுப்புத் தைத்து, தலை செய்து, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறோமோ? கீழே ஜமால் பாய் கடைசிப் பெட்டியை ஏற்றி மணி அடித்தார். மோட்டார் உறுமியது. சீரங்கன் கண்ணைத் திறந்தான்.

பச்சை. பச்சைக்கு அந்தப் பக்கம் ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை, பெரிய ஆனை படுத்த மாதிரி பாறை, அதன் முதுகில் சூரியன் போனதற்கு மிச்சம் கொஞ்சம் மஞ்சள். கீழே அவர்களுடைய கடைகளெல்லாம் தீப்பெட்டி தீப்பெட்டியாக, அந்தத் தீப்பெட்டியில் ஒன்று சம்பூர்ணத்தின் கடை, அதன் பக்கத்தில் அவன் தினமும் நிற்கிற இடம், இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி. அடேயப்பா. இவ்வளவு நாள் இவ்வளவு கிட்டவா நின்றிருக்கிறேன்? ராட்டினம் கிறுகிறுவென்று இறங்கியது, அவன் கத்தினான், கத்தினது பயத்திலா சந்தோஷத்திலா என்று அவனுக்கே விளங்கவில்லை, சம்பூர்ணமும் சேர்ந்து கத்தினாள், "ஏ யப்பா! ஏ யம்மா!" என்று, திரும்ப மேலே, திரும்பக் கீழே, கடைசி ஏற்றத்தில் காற்று வாய்க்குள் புகுந்துகொண்டு பேச விடவில்லை, அதையும் மீறிக் கேட்டான். ஒத்திகை பார்த்த வரியெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. "ஏம்மா, எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ நாகப்பட்டினம் போயிருவியோன்னு, அது இத விடப் பயமா இருக்கு. ஒரே லாரில போலாமா? தேனியோ, நாகப்பட்டினமோ, எந்த லாரியோ, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்." சம்பூர்ணம் வலை வழியாக அவன் கண்ணைப் பார்த்தாள். திறந்திருந்தது. "கீழ போயிச் சொல்றேன்" என்றாள்.

கீழே போய்ச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? சரி என்றால் மேலேயே சொல்லிவிடலாமே. இல்லை என்பதை உயரத்தில் சொன்னால் இவன் மயங்கிவிடுவான் என்று பார்க்கிறாளோ? நல்ல மனசு. இரக்கம். இரக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை. ராட்டினம் தளர்ந்து தளர்ந்து நின்றது, பஜ்ஜி வாசனை திரும்ப வந்தது, ஜமால் பாய் சங்கிலியைக் கழற்றினார், கழற்றும்போது அவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு, அதைச் சீரங்கன் கவனிக்கவில்லை. பரவாயில்லை, கேட்டுவிட்டேன், வந்தேன், நின்றேன், கேட்டேன். நாகப்பட்டினத்தில் கடல் இருக்கு, அவளுக்குக் கடல் பிடிக்கும். வேகமாகப் போய்விடலாம், நின்றால் அழுகை வந்துவிடும், வலை வேறு காட்டிக் கொடுக்கும். இறங்கினான். தரை. ஒரு எட்டு வைத்தான், இன்னொரு எட்டுக்குக் காலைத் தூக்கினான், கழுத்தைப் பிடித்து யாரோ சுண்டி இழுத்தார்கள். "பாய், போல்ட்ல மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். "போல்ட்தான், நல்ல போல்ட்!" என்றார் ஜமால் பாய். வரிசையில் நின்ற ஜனம் கொல்லென்று சிரித்தது. புயல்ராஜா அவ்வளவு பெரிய தலையை மெதுவாகத் திருப்பி, வாய் வழியாகப் பார்த்தான். அவன் முதுகுத் துணியின் சிவப்பு நுனி. மாவுத் தீற்றல் இருக்கிற மாம்பழ நிற நுனி. இரண்டும் சேர்ந்து ஒரு முடிச்சு, இறுக்கமான, உருண்டையான, நல்ல முடிச்சு. முடிச்சுக்கு அந்தப் பக்கம் சம்பூர்ணம், பெட்டியின் படியில் நின்றபடியே. எப்போது போட்டாள்? கேட்ட பிறகு அவன் கண் திறந்துதானே இருந்தது? அப்படியென்றால் முன்னாலேயே, அவன் கேட்பதற்கு முன்னாலேயே, காற்று இழுக்கிறது, காற்று இழுக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தானே, அப்போதே. "கட்டிப் போட்டது தெரியாமப் போறான் பாரு" என்றாள் சம்பூர்ணம், கன்னம் வரைக்கும் பொரிந்துகொண்டு. சீரங்கனுக்குப் பேச்சு வரவில்லை. வாய் திறந்தது, உதடு அசைந்தது, ஒரு சத்தமும் இல்லை. பஜ்ஜிக் கடையிலிருந்து ஜூஸ் கடை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "ஏ புயலு, எதாச்சும் சொல்லுய்யா!" என்று யாரோ கூவினார்கள். அப்போது சம்பூர்ணம் படியை விட்டு இறங்கி வந்தாள், மாவு ஒட்டின விரலை நீட்டினாள், அவன் நெஞ்சில் இருக்கிற பொத்தானை அழுத்தினாள்.